சந்திரனில் ஆளை இறக்கும் கூண்டு: தேதி பெரிதா, உயிர் பெரிதா?

"கஞ்சிக்கே வழியில்லாதவனுக்குச் சந்திரமண்டலம் எதற்கு?" என்று கேட்பவர்கள் இரண்டு வகை. ஒருவன் உண்மையிலேயே கஞ்சிக்கு வழியில்லாதவன். நடவு வயலில் குனிந்த முதுகு நிமிராமல் கேட்கிறான். அவனுக்குப் பதில் சொல்ல நாம் கடமைப்பட்டவர்கள். மற்றவன் வயிறு நிறைந்தவன். "பெரிய விஷயம் பெரியவர்களுக்கு, கூலிக்காரன் கூலியோடு நிற்கட்டும்" என்பதற்காகவே கேட்கிறான். இவனுக்குப் பதில் அல்ல, சவுக்கடிதான் தேவை.

முதலில் நம் தோழனுக்கு. சந்திரயான்-3க்குச் செலவான தொகை சுமார் 615 கோடி ரூபாய். சந்திரனில் இறங்கி, மண் அள்ளி, திரும்பி வரவேண்டிய சந்திரயான்-4க்கு 2024 செப்டம்பர் 18-ல் மத்திய மந்திரிசபை ஒதுக்கியது 2,104 கோடி. 2019 செப்டம்பர் 20-ல் கம்பெனிகளுக்கு வரியைக் குறைத்தார்களே, அதனால் ஆண்டுக்கு 1 லட்சத்து 45 ஆயிரம் கோடி வருமானம் குறையும் என்று நிதி மந்திரியே சொன்னார். கணக்குப் போட்டுப் பார் தோழா! உன் கஞ்சிக் கலயத்தைக் கவிழ்த்தது சந்திரன் அல்ல.

இனி விஷயத்துக்கு வருவோம். 2023 ஆகஸ்டு 23-ல் ஆளில்லாத விக்ரம் கலம் சந்திரனில் பத்திரமாக இறங்கியது. அதே ஆண்டு அக்டோபர் 17-ல், 2040-க்குள் ஓர் இந்தியனைச் சந்திரனுக்கு அனுப்ப வேண்டும் என்று பிரதம மந்திரி இலக்கு வைத்தார். நல்லது, வரவேற்கிறோம். ஆனால் ஆளை ஏற்றும் கூண்டு என்றால் ஒரு கேள்வி எழுகிறது. கூண்டில் கோளாறு இருக்கிறது என்று அதைச் செய்யும் தொழிலாளி சொன்னால் வேலை நிற்குமா? அல்லது மேலிடம் குறித்த தேதியும், காண்டிராக்ட்காரன் போட்ட லாபக் கணக்கும் நிற்க விடாதா? ஏறப்போகிறவன் உயிர் இதில்தான் இருக்கிறது. இந்தக் கேள்வி ஆலைத் தொழிலாளிக்கு விளங்காதா? விளங்கும், மற்றவர்களைவிட நன்றாகவே விளங்கும்.

கூண்டின் சங்கதி

சந்திரனில் காற்று இல்லை. ஆகவே பாரசூட் விரியாது, இறக்கை உதவாது. விழுகிற வேகத்தைத் தடுக்க, எஞ்சினைக் கீழ்நோக்கி எரிப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. எரிக்க எரிபொருள் வேண்டும். அந்த எரிபொருளும் பாரம்தான். வண்டியில் ஏற்றும் ஒவ்வொரு மூட்டைக்கும், மாட்டுக்கு வேண்டிய வைக்கோலையும் அதே வண்டியிலேயே ஏற்றியாக வேண்டும் என்றால் எப்படி இருக்கும்? அதுதான் இங்கே நிலைமை. ஒரு கிலோ பாரம் கூடினால், அதைச் சுமக்க எரிபொருள் கூடும். அந்த எரிபொருளைச் சுமக்க இன்னும் எரிபொருள் கூடும்.

அமெரிக்காவின் அப்போலோ கலத்தில் சந்திரனில் இறங்கும் பகுதியைச் செய்தது லாங் ஐலண்டில் பெத்பேஜ் என்ற ஊரில் இருந்த கிரம்மன் கம்பெனி. 1962 நவம்பரில் அதற்குக் காண்டிராக்ட் கிடைத்தது. கலத்தின் உயரம் 7 மீட்டர். எரிபொருளோடு எடை 15 டன். பாரம் குறைக்க என்னென்ன செய்தார்கள்? முதலில் போட்ட படத்தில் இரண்டு ஆசனங்களும் பெரிய கண்ணாடி ஜன்னல்களும் இருந்தன. கண்ணாடி கனம். ஆகவே ஆசனத்தை எடுத்தார்கள். ஆட்களை நிற்க வைத்தார்கள். நிற்பவன் முகத்தை ஜன்னலோடு ஒட்டி வைத்துப் பார்க்கலாம் அல்லவா? எனவே சிறிய முக்கோண ஜன்னலே போதுமாயிற்று. தகட்டை இரசாயனத்தில் அரிக்க வைத்து, சில இடங்களில் 0.3 மில்லிமீட்டர் கனத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஏறக்குறைய எண்ணெய் டின் தகரத்தின் கனம்! அந்தத் தகரத்துக்கு உள்ளே மனிதன். வெளியே காற்றே இல்லாத வெட்டவெளி.

கலம் இரண்டு அடுக்கு. கீழடுக்கில் கால்களும் இறங்கும் எஞ்சினும். மேலடுக்கில் ஆட்களும் ஏறும் எஞ்சினும். திரும்பும்போது கீழடுக்கை அங்கேயே விட்டுவிட்டு மேலடுக்கு மட்டும் கிளம்பும். அந்த ஏறும் எஞ்சின் ஒன்றே ஒன்று. அது பற்றாவிட்டால் இருவரும் அங்கேயே சாகவேண்டியதுதான். அதனால் அதை எவ்வளவு எளிதாகச் செய்ய முடியுமோ அவ்வளவு எளிதாகச் செய்தார்கள். பம்ப் கிடையாது, ஹீலியம் வாயுவின் அழுத்தமே எரிபொருளைத் தள்ளும். பற்றவைக்கும் பொறி கிடையாது; இரண்டு திரவங்கள் ஒன்றையொன்று தொட்டவுடனே தீப்பிடிக்கும். கெட்டுப்போக எதுவுமே இல்லாதபடி உறுப்புகளைக் குறைத்தார்கள். உயிரை முதலில் வைத்து யோசித்தால் யந்திரம் இப்படித்தான் அமையும். 1969 முதல் 1972 வரை ஆறு தடவை ஆட்கள் இறங்கினார்கள். ஆறு தடவையும் அந்த எஞ்சின் பற்றியது.

நெய்த கைகள், தைத்த கைகள்

"விஞ்ஞானிகள் சாதித்தார்கள், தலைவர்கள் சாதித்தார்கள்" என்று பத்திரிகைகள் எழுதின. பஞ்சாலைத் தோழர்களே, எழுதாமல் விட்டதைக் கேளுங்கள்!

அந்தக் கலத்தை வழிநடத்திய கம்ப்யூட்டரின் நினைவு நெய்யப்பட்டது. ஆம், தறியில் துணி நெய்வது போல நெய்யப்பட்டது! மாஸசூஸெட்ஸ் மாகாணத்தில் வால்தம் என்ற ஊரில் ரேதியான் கம்பெனி பாக்டரி. அங்கே பெண் தொழிலாளிகள் எதிரெதிரே உட்கார்ந்து, கம்பி கோத்த ஊசியை நாடாவைப்போல் இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்குமாகச் செலுத்தினார்கள். சிறு காந்த வளையத்துக்கு உள்ளே கம்பி போனால் 1. வெளியே சுற்றிப்போனால் 0. இப்படி ஆயிரக்கணக்கான தடவை. ஒரு கம்பி தவறினால் ஒரு கட்டளை தவறும். சந்திரனுக்கு மேலே கலம் தடுமாறும். மாதக்கணக்கில் நெய்தார்கள். இதற்குப் படித்த பொறியாளர்கள் வைத்த கேலிப் பெயர் என்ன தெரியுமா? "கிழவிகள் நினைவு!" உயிர் அந்தக் கிழவிகளின் விரலில் இருந்தது, கேலி மட்டும் பொறியாளர் வாயில் இருந்தது.

அவர்கள் போட்டுக்கொண்ட உடுப்பு? டெலவேர் மாகாணம் டோவரில், பெண்களின் உள்ளாடை தயாரித்த கம்பெனியைச் சேர்ந்த தையற்காரிகள் தைத்தார்கள். 21 அடுக்கு. தையல் ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் பிரித்துத் தைக்கவேண்டும். மறந்துவிட்ட ஒரு குண்டூசி உடுப்பில் ஓட்டை போட்டால் காற்று வெளியேறும், ஆள் காலி.

திருபுவனை நூற்பாலையிலும், ஏ.எப்.டி., சுதேசி, பாரதி ஆலைகளிலும் வேலை பார்த்தவர்களுக்கு இது புரியாத பாஷை அல்ல. அறுந்த நூலைக் கண்ணால் பார்க்காமல் விரலால் கண்டுபிடிப்பவன் நம் தொழிலாளி. அந்த விரலுக்கு மதிப்புக் கொடுக்காத எந்த நிபுணனும் பத்திரமான கூண்டு செய்ய முடியாது.

தேதி கொன்ற உயிர்கள்

சரி, கை சொன்னதை மேலிடம் கேட்டதா?

1967 ஜனவரி 27. அப்போலோவின் தாய்க்கலம் புளோரிடாவில் தரையிலேயே நிற்கிறது. ஒத்திகை நடக்கிறது. உள்ளே கிரிஸம், வொயிட், சாபி என்ற மூன்று பேர். உள்ளே நிரப்பியிருந்தது சுத்தமான ஆக்ஸிஜன். எங்கோ ஒரு பொறி. உள்ளே இருந்த பொருளெல்லாம் குபீரென்று எரிந்தது. உட்கதவு உள்நோக்கித் திறக்கும்படி செய்யப்பட்டிருந்தது; உள்ளே அழுத்தம் ஏறியதும் எந்த மனிதனாலும் அதை இழுக்க முடியாது. மூவரும் மாண்டார்கள். அதற்குப் பிறகுதான் கதவு வெளியே திறக்கும்படி மாற்றப்பட்டது. எரியும் பொருள்கள் அகற்றப்பட்டன. தரையில் இருக்கும்போது நைட்ரஜன் கலந்த காற்று நிரப்பப்பட்டது.

அதற்கு முன் யாரும் சொல்லவில்லையா? சொன்னார்கள். தாய்க்கலத்தைச் செய்த நார்த் அமெரிக்கன் கம்பெனியில் தாமஸ் பாரன் என்று ஒரு தரப் பரிசோதகர். வேலையில் கண்ட குறைகளையெல்லாம் எழுதி அடுக்கினார். அது பத்திரிகைகளுக்கு எட்டியது. 1967 ஜனவரி தொடக்கத்தில் கம்பெனி அவரை வீட்டுக்கு அனுப்பியது. அதே மாதம் தீ! அவர் எழுதிய ஒவ்வொன்றும் சரியா தவறா என்பது வேறு விஷயம். குறை சொன்னவனை வேலையை விட்டு நீக்கினால், அடுத்தவன் வாய் திறப்பானா என்பதுதான் கேள்வி.

முதலாளித்துவ நாட்டை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தால் அது நேர்மையாகாது. அதே 1967, ஏப்ரல் 24. சோவியத் நாட்டின் சோயூஸ்-1 திரும்பி வரும்போது பாரசூட் சரியாக விரியவில்லை. விளாதிமிர் கோமரோவ் உயிரிழந்தார். அதற்கு முன் ஆளில்லாமல் அனுப்பிய சோதனைக் கலங்களில் குறைகள் வெளிப்பட்டிருந்தன. இருந்தும் ஆளை ஏற்றினார்கள். அங்கே லாப வேட்டை இல்லை. போட்டியும் அவசரமும் இருந்தன. செங்கொடி பறக்கும் இடத்திலும், தொழிற்கூடத்தின் பேச்சைக் கேளாமல் மேலிடம் அவசரப்பட்டால் உயிர் போகும். இதை மறைப்பவன் நமக்கு நண்பன் அல்ல.

2003 பிப்ரவரி 1-ல் நம் கல்பனா சாவ்லாவோடு ஏழு பேரை இழந்தோமே, அந்தக் கொலம்பியா விஷயம் என்ன? கிளம்பும்போது இறக்கையில் ஒரு துண்டு மோதியது தெரிந்திருந்தது. இறக்கையைப் படம் எடுத்துப் பார்க்கலாம் என்று பொறியாளர்கள் கேட்டார்கள். மேலதிகாரிகள் வேண்டாம் என்றார்கள். 36 ஆண்டு கழிந்தும் அதே வியாதி!

வட்டத்தில் நுழையாத சதுரம்

காண்டிராக்ட் முறையின் லட்சணத்துக்கு ஒரு சாட்சி இருக்கிறது. 1970 ஏப்ரல், அப்போலோ-13. வழியில் தாய்க்கலத்தின் ஆக்ஸிஜன் தொட்டி வெடித்தது. மூன்று பேரும் இறங்கு கலத்துக்குள் ஓடி ஒதுங்கினார்கள். இருவர் இரண்டு நாள் இருக்கச் செய்த கூண்டு, மூவரைச் சுமார் நான்கு நாள் காப்பாற்றியது. கிரம்மன் தொழிலாளர் செய்நேர்த்திக்கு இதைவிட நற்சாட்சி வேண்டுமா?

ஆனால் மூச்சு விட்ட கெட்ட காற்றை உறிஞ்சும் டப்பா தீர்ந்துகொண்டே வந்தது. தாய்க்கலத்தில் டப்பாக்கள் மிச்சம் இருந்தன. எடுத்து மாட்டினால் பொருந்தவில்லை. ஏன்? தாய்க்கலத்து டப்பா சதுரம். இறங்கு கலத்துத் துளை வட்டம்! ஒன்று ஒரு கம்பெனி, மற்றது இன்னொரு கம்பெனி. ஒரே பயணம், ஒரே உயிர்கள். டப்பா மட்டும் வேறு வேறு. கடைசியில் பிளாஸ்டிக் பை, அட்டை, உடுப்புக் குழாய், ஒட்டும் நாடா இவற்றை வைத்து ஒட்டுப்போட்டுப் பிழைத்தார்கள். கரும்பு ஆலை பிட்டர் ஒருவரைக் கூப்பிட்டு இரண்டு வரைபடத்தையும் காட்டியிருந்தால், "என்னங்கய்யா, ரெண்டும் ஒரே அளவா இருக்க வேணாமா?" என்று அன்றே கேட்டிருப்பார்.

பிறகு என்ன நடந்தது? அப்போலோ வேலையில் உச்சத்தில் சுமார் 4 லட்சம் பேர் இருந்தார்கள். 1970-க்குள் அது ஏறத்தாழப் பாதியாயிற்று. 1972 டிசம்பரோடு சந்திரப் பயணமே நின்றது. நெய்த கைகளும் தைத்த கைகளும் கலைந்து போயின. 50 ஆண்டுக்குப் பிறகு, ஆளை இறக்கும் கூண்டை அமெரிக்கா மறுபடி முதலிலிருந்து செய்யத் தொடங்கியது. தொழில் கையில் இருக்கிறது, காகிதத்தில் அல்ல. கையை வீட்டுக்கு அனுப்பினால் தொழிலும் போய்விடும். 2020-ல் ஏ.எப்.டி. ஆலை மூடப்பட்டபோது புதுச்சேரியும் இதைத்தான் கண்டது.

நம் மண்ணின் சான்று

நம் நாட்டில் நடந்ததைப் பாருங்கள். 2019 செப்டம்பர் 7 அதிகாலை, சந்திரயான்-2 இறங்கும்போது கட்டுக்கடங்காமல் மோதி நொறுங்கியது. ஆள் யாரும் இல்லை. உயிர்ச் சேதம் இல்லை. இஸ்ரோ நிபுணர்கள் என்ன செய்தார்கள்? எது சரியாக நடக்கும் என்று யோசிப்பதை விட்டு, எது எது கெடும் என்று யோசித்தார்கள். ஐந்து எஞ்சினை நான்காக்கினார்கள். கால்களைப் பலப்படுத்தினார்கள்; விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் இறங்கினால் தாங்கும் என்றிருந்ததை 3 மீட்டர் ஆக்கினார்கள். எரிபொருளைக் கூட்டினார்கள். அரை கிலோமீட்டர் சதுரத்தில்தான் இறங்க வேண்டும் என்றிருந்ததை, 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டர் என்று விரித்தார்கள். குறையை ஒப்புக்கொண்டு திருத்தினார்கள், வெற்றி கிட்டியது.

இந்த வெற்றி எங்கிருந்து வந்தது? மதகடிப்பட்டு ரோட்டில் மேற்கே போனால் வரும் விழுப்புரம்தான் திட்ட இயக்குநர் வீரமுத்துவேலின் ஊர். ரயில்வே தொழிலாளியின் மகன். பாலிடெக்னிக்கில் படித்து மேலே வந்தவர். கலத்தைச் சோதிக்கச் சந்திர மண் வேண்டுமே, அது எங்கே கிடைத்தது? நாமக்கல் ஜில்லாவில் சித்தம்பூண்டி, குன்னமலை கிராமங்களின் பாறையில்! அந்தப் பாறையை இடித்துத் தூளாக்கிப் பரப்பித்தான் ஒத்திகை பார்த்தார்கள். எஞ்சின்களுக்குத் திருநெல்வேலிச் சீமையில் மகேந்திரகிரி இருக்கிறது. அத்தனையும் பொதுச் சொத்து, மக்கள் பணம்.

ஆனால் ராஞ்சியில் என்ன நடந்தது? சோவியத், செக்கோஸ்லவாகிய உதவியோடு 1958-ல் அமைந்த கனரக எஞ்சினியரிங் கார்ப்பரேஷன் தொழிலாளர்களுக்கு, 2023-ல் ஓராண்டுக்கும் மேலாகச் சம்பள பாக்கி. சந்திரயான்-3க்கென்று அந்தப் பாக்டரியை எதுவும் செய்யச் சொல்லவில்லை என்று பார்லிமெண்டில் சர்க்கார் பதில் சொன்னது. சாமர்த்தியமான பதில்! ஸ்ரீஹரிகோட்டாவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு நகரும் மேடையும் ராட்சதக் கிரேனும் கொடுத்தது அந்தப் பாக்டரி. சந்திரயான்-3 கிளம்பியது அந்த ஏவுதளத்திலிருந்துதான். மேடை செய்தவன் அடுப்பு எரியவில்லை; மேடை ஏறியவர்களுக்கு மாலை!

தனியார் கூப்பாடு

இப்பொழுது புதுக் கூப்பாடு: "விண்வெளியைத் தனியாரிடம் விடு!" 2020-ல் கதவைத் திறந்தார்கள், 2024-ல் அந்நிய மூலதனத்துக்கு வரம்பைத் தளர்த்தினார்கள். அமெரிக்காவைப் பார் என்கிறார்கள். பார்ப்போம்.

ஆளை இறக்கும் புதுக் கூண்டுக்கு 2021 ஏப்ரலில் நாசா ஸ்பேஸ்எக்ஸ் கம்பெனிக்கு 289 கோடி டாலர் கொடுத்தது. போட்டிக் கம்பெனி கோர்ட்டுக்குப் போய்த் தோற்றது. 2023 மே மாதம் அதற்கும் 340 கோடி டாலர் கிடைத்தது. பணம் யாருடையது? அமெரிக்க மக்களுடையது. இதற்குப் பெயர் தனியார் துணிச்சலாம்! ஸ்பேஸ்எக்ஸ் போட்ட திட்டத்தில் கலத்தின் உயரம் சுமார் 50 மீட்டர். ஆட்கள் லிப்டில் இறங்கவேண்டும். ஏணியில் இறங்கிய இடத்தில் லிப்டு! லிப்டு கெட்டால்?

உயரம் என்றால் என்ன என்பதை வைக்கோல் பாரம் ஏற்றிய வண்டிக்காரனைக் கேளுங்கள். அகலம் குறைந்து உயரம் கூடினால், மேட்டில் ஒரு சக்கரம் ஏறினாலே சாயும். 2024 பிப்ரவரியில் ஓர் அமெரிக்கக் கம்பெனியின் ஆளில்லாத நெட்டைக் கலம் சந்திரனில் இறங்கிப் பக்கவாட்டில் சாய்ந்தது. 2025 மார்ச்சில் அதே கம்பெனியின் அடுத்த கலமும் சாய்ந்தது. அதே மார்ச்சில் இன்னொரு கம்பெனி அகலக் கால் வைத்த குட்டைக் கலத்தை நேராக இறக்கியது. அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். தனியாருக்குத் தொழில் தெரியாது என்பதல்ல நம் வாதம். கிரம்மனும் தனியார்தான். இலாபம் கணக்கெழுதும் இடத்தில், குறை சொல்லும் தொழிலாளிக்கு என்ன பாதுகாப்பு? தேதிக்கு முடித்தால் பணம் என்ற காண்டிராக்டில் "நிறுத்து" என்று சொல்ல யாருக்கு உரிமை? இதற்குப் பதில் சொல்லாமல் கூப்பாடு போடுவது பித்தலாட்டம்.

நாம் கோருவது

1936 ஜூலை 30-ல் புதுச்சேரியில் 12 ஆலைத் தொழிலாளர்களைப் பிரெஞ்சு ஏகாதிபத்தியம் சுட்டுக் கொன்றது. அந்த இரத்தத்தில் விளைந்ததுதான் இந்த மண்ணின் எட்டு மணி நேர வேலை. எட்டு மணி நேரம் என்பது ஓய்வு மட்டுமல்ல. களைத்த கை பிசகும்; பிசகிய கை உயிரைப் பறிக்கும். தறிக்குப் பொருந்தும் நியாயம் ராக்கெட்டுக்கும் பொருந்தும்.

ஆகவே, 2040-ல் சந்திரனில் இறங்கும் இந்தியனின் உயிருக்காக நாம் கோருவது இவை:

கூண்டு பொதுத் துறையில் செய்யப்பட வேண்டும்; வெவ்வேறு பாக்டரிகளில் உறுப்புகள் தயாரானாலும் வடிவமைப்பு ஒரே கையில் இருக்கவேண்டும்.

அதில் கை வைக்கும் தொழிலாளி நிரந்தரத் தொழிலாளியாக இருக்கவேண்டும். காண்டிராக்ட் கூலியாக அல்ல. பாக்கிச் சம்பளம் என்ற பேச்சே கூடாது.

குறை கண்டவன் வேலையை நிறுத்தும் உரிமை சட்டத்தில் எழுதப்படவேண்டும். குறை சொன்னவனை நீக்குவது குற்றமாகவேண்டும்.

சோதனை தவறினால் அறிக்கையை மக்கள் முன் வைக்கவேண்டும். தேதியைச் சோதனை தீர்மானிக்கட்டும். தேர்தல் தீர்மானிக்க வேண்டாம்.

தோழர்களே! நாற்று நட்ட கை, நூல் நூற்ற கை, இரும்பு கடைந்த கை, இந்தக் கைகள் இல்லாமல் எந்தக் கூண்டும் சந்திரனைத் தொடாது. தொடும் நாளில் அங்கே போய் நிற்கும் அந்த இந்தியன், திரும்பி வந்து தன் பிள்ளையைத் தூக்க வேண்டும். அதற்கு உத்தரவாதம் "இது சரியில்லை, நிறுத்து" என்று துணிந்து சொல்லும் ஒரு தொழிலாளியும், அவன் பின்னால் நிற்கும் சங்கமும்தான். வேலைத்தலத்தில் அந்தச் சங்கத்தைக் கட்டுவோம்!